ஆயில் ஒழுகும் கார்: ஊற்றி ஓட்டுவதா, வீட்டிலேயே கழற்றுவதா, பட்டறையில் விடுவதா?

கார் நிற்கும் இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்ததும் நாம் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் "டேப்பட் கவர் பேக்கிங்தான் சார், சில நூறு ரூபாய் சமாச்சாரம்" என்பார்; என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையைச் சொல்கிறார். அலுவலக நண்பர் "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, கடைசியில கியர்பாக்ஸையே இறக்கிட்டாங்க" என்று பயமுறுத்துவார். தெருமுனை மெக்கானிக்கோ "பத்து வருஷ வண்டி, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், ஊத்திட்டு ஓட்டுங்க" என்பார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்குச் சரிதான். உங்கள் காருக்கு எது சரி என்பதை, எண்ணெய் எந்த இடத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

நம் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுவது, கசிவை நிறுத்தும் என்று கடையில் விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றுவது, நாமே வீட்டில் கழற்றி மாட்டுவது, வெளி மெக்கானிக், கம்பெனி சர்வீஸ். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசிவைக் கண்டுபிடிக்கும் வேலையை வீட்டிலேயே செய்துவிடுங்கள், அதற்குக் காசே ஆகாது. சரிசெய்வதில், பானெட்டைத் திறந்து நின்றபடி கை எட்டும் வேலை வீட்டுக்கு. வண்டிக்கு அடியில் படுத்தாக வேண்டிய வேலை பட்டறைக்கு. இதற்கு ஓரிரு விலக்குகள் உண்டு, பின்னால் வரும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது எட்டிலிருந்து பதினைந்து வயதான சின்ன பெட்ரோல் கார்களை: ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஐ10 வகையறா. வாரண்டி இன்னும் முடியாத வண்டி என்றால் மேலே படிக்க வேண்டாம். ஸ்பேனரைத் தொடாமல் கம்பெனிக்கே கொண்டு போங்கள்.

அது என்ஜின் ஆயில்தானா?

கோடையில் ஏசி போட்டு வந்து நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். முன் இருக்கையில் உட்காருபவரின் கால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, நிறமே இல்லாமல் இருந்தால் அது ஏசித் தண்ணீர். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் பிசுபிசுப்பாக, இனிப்பான வாசனையோடு இருந்தால் கூலன்ட். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாகவோ இருக்கலாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய் போல ஏதாவது தெரிந்தால் அது பிரேக் ஆயில்; அன்றைக்கு வண்டியையே எடுக்கக் கூடாது. தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை எந்த நிறமாக இருந்தாலும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் துடைத்த துணியில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்று போலத் தோன்றினால் அதுதான் நம் ஆள். கியர் ஆயிலும் இப்படித்தான் தெரியும், ஆனால் அதில் கந்தக நெடி அடிக்கும். ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்த ஒரு வாரத்துக்குள் சொட்டுகிறதா? ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில் அடித்தட்டில் தேங்கி, ஓட ஓடச் சொட்டிக்கொண்டிருக்கலாம். ஆயில் ஊற்றும்போது மூடிக்குப் பக்கத்தில் சிந்தியதாகவும் இருக்கலாம். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். சின்ன மாருதி பெட்ரோல் என்ஜின்களுக்குச் சுமார் மூன்று லிட்டர்தான் தேவை. அவசரத்தில் மூன்றரை லிட்டர் டப்பா முழுவதையும் கவிழ்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகமாக ஊற்றிய ஆயில் என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்கில் அடிபட்டு நுரைத்து, ரப்பர் அடைப்பான சீல்கள் வழியாக வெளியே வரப் பார்க்கும். அப்படியென்றால் பழுது எதுவும் இல்லை. அதிகப்படி ஆயிலை எடுத்தால் போதும்.

மேலே, முன்னே: ஊற்றைத் தேடுவது

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் அரை மீட்டர் தூரம்கூட இருக்கலாம். ஈரம் தெரிகிற பகுதியில் எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எது இருக்கிறதோ அங்கேதான் கண் போக வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் ஈரம் இருந்தால் பல பட்டறைகளில் உடனே வரும் வார்த்தை "பின் ஆயில் சீல் போச்சு". கிராங்கின் பின்முனையில் இருக்கும் அந்த சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை, பல ஆயிரம் ரூபாய். ஆனால் டேப்பட் கவரின் பின்மூலையில் பேக்கிங் இறுகிப் போயிருந்தாலும், அங்கிருந்து கசியும் ஆயில் பிளாக்கின் பின்பக்கமாக இறங்கி இதே இடத்தில்தான் சொட்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் பிளாஸ்டிக் பகுதி வழியாகக் கசிந்தாலும் அப்படித்தான். பழைய மாருதி 800-இல் கேம் ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் போனாலும் அப்படித்தான். பத்து ரூபாய் ஓ-ரிங்குக்காகக் கியர்பாக்ஸ் இறங்கிய கதைகள் உண்டு.

தேடும் முறைகளில் மூன்று நமக்கு எட்டும். முதலாவது, அட்டைப் பெட்டியை விரித்து இரவில் வண்டிக்கு அடியில் போடுவது. சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடம் என்ஜினில் எந்தப் பகுதிக்குக் கீழே என்று தெரியும். அளவைப் பார்க்க இது நல்லது, ஊற்றுவாயைக் காட்டாது.

இரண்டாவது, சுத்தம் செய்து பவுடர் போடுவது. நான் எப்போதும் இதையே சிபாரிசு செய்வேன். என்ஜின் முழுதாக ஆறிய பிறகு, பெயின்ட் பிரஷ்ஷை டீசலிலோ டிகிரீசரிலோ தொட்டு, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடங்களைத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள், அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொன்னால், ஆல்டர்னேட்டரையும் இக்னிஷன் காயில்களையும் பாலிதீனால் மூடாமல் அடிக்க விடாதீர்கள். உலர்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம். பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பேசும்போது அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, யுவி சாயம். ஆயிலோடு கலக்கும் சின்ன பாட்டில் சாயமும் ஒரு யுவி டார்ச்சும் ஆன்லைனில் கிடைக்கின்றன. சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் டார்ச் அடித்தால் கசிந்த தடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பவுடரால் எட்ட முடியாத இடங்களுக்கு, அதாவது என்ஜினின் பின்பக்கத்துக்கும் டைமிங் கவரின் அடிப்பகுதிக்கும், இது அருமையான வழி. பவுடரிலேயே விடை கிடைத்துவிட்டால் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இதோடு இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். பட்டறைகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். மெல்ல உள்ளே இழுத்தால் நல்லது. தாளைத் தூக்கி அடித்தால் முதலில் பிசிவி வால்வையும் அதன் ஹோஸையும் கவனியுங்கள். அவை சரியாக இருந்தும் தாள் பறந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அப்போது பேக்கிங் மாற்றிப் பெரிய பயன் இருக்காது. டீசல் என்ஜினில் லேசாக ஊதுவது சகஜம் என்பதால் இந்தச் சோதனையை அதில் அப்படியே நம்ப வேண்டாம்.

எவ்வளவு? ஒரு கணக்கு

தரையில் விழும் ஆயில் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் இருபது சொட்டு. ஓர் இரவுக்குப் பத்துச் சொட்டு விழுந்தால் அரை மில்லி. தினமும் விழுந்தால் வருடத்துக்கு 180 மில்லி சொச்சம். பார்க்கிங் தரை நாசமாகிவிடும், அடுக்குமாடிச் சங்கத்தில் சண்டைகூட வரும். என்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை.

உண்மையான இழப்பு ஓடும்போது நடக்கிறது, சூடும் அழுத்தமும் அப்போதுதான். அதை டிப் ஸ்டிக்தான் சொல்லும். சமதளத்தில், காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் பாருங்கள். பல கார்களில் டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும்.

இப்போது பணம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், ஆயில் லிட்டர் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லி குறைந்தால் வருடத்துக்கு 1.2 லிட்டர், 600 ரூபாய். கியர்பாக்ஸ் இறக்கும் வேலைக்கு 6,000 ரூபாய் என்றால் அந்தப் பணம் திரும்பப் பத்து வருடம் ஆகும். அதற்குள் வண்டியே வீட்டில் இருக்காது. அதே இழப்பு 500 மில்லி என்றால் வருடத்துக்கு 3,000 ரூபாய், இரண்டே வருடத்தில் வேலைக்கான செலவு திரும்பிவிடும். அதோடு, ஒரு மாதம் பார்க்க மறந்தால் என்ஜினே போகும் அபாயமும் சேர்கிறது. என்னைக் கேட்டால், 100 மில்லிக்குக் கீழே பொறுக்கலாம், 300-ஐத் தாண்டினால் சரிசெய்தே தீர வேண்டும். இடைப்பட்டதை இடத்தைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

ஊற்றி ஓட்டுவது: கேலி செய்யாதீர்கள்

ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறவரைச் சோம்பேறி என்று நினைக்கிறோம். அம்பாசடர் ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் பழைய 1489 சிசி பிஎம்சி என்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டியிருக்கும் மரை, சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், நின்றால் சொட்டும். "கீழே ஆயில் இல்லைன்னா உள்ளேயும் ஆயில் இல்லை" என்று டிரைவர்கள் கேலியாகச் சொன்னது அதனால்தான். அந்த என்ஜின் கோடிக்கணக்கான கிலோமீட்டர் அப்படித்தான் ஓடியது.

கசிவு மெதுவானதாக, தரையில் மட்டும் சொட்டுவதாக, வாரம் ஒரு தடவை டிப் ஸ்டிக் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உள்ளதாக இருந்தால், ஊற்றி ஓட்டுவது நேர்மையான முடிவு. மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் கூடாது. ஆயில், சூடான புகை வெளியேறும் சைலன்ஸர் மேனிஃபோல்டின் மேல் விழுந்து, சிக்னலில் நிற்கும்போது கருகிய வாசனையோ புகையோ வந்தால், அது தீப்பிடிக்கும் அபாயம். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் பெல்ட் இருக்கும் பக்கம் கசிந்தால், ஆயில் பட்ட ரப்பர் ஊறி, பெல்ட் அறுந்துவிடும், பல என்ஜின்களில் வால்வும் வளைந்துவிடும். பழைய சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10, மாருதி 800, ஆல்ட்டோ 800 ஆகியவை பெல்ட் வகை. கே சீரிஸ் மாருதிகளிலும் 1.2 கப்பா ஐ10-இலும் செயின். ஒரே கசிவுதான், ஒரு வண்டியில் பொறுக்கலாம், இன்னொன்றில் பொறுக்கக் கூடாது. மூன்றாவது, க்ளட்ச் நழுவத் தொடங்குவது: ஆயில் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும். அந்த விளக்கு காட்டுவது அழுத்தம் போய்விட்டதை. ஆயில் குறைகிறது என்று முன்கூட்டியே எச்சரிப்பதற்கு வைத்த விளக்கு அல்ல அது.

டப்பாவில் வரும் மருந்து

கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்களில் உருப்படியானவை செய்யும் வேலை ஒன்றுதான். பல வருடச் சூட்டில் இறுகிச் சுருங்கிய ரப்பர் சீலை மறுபடி கொஞ்சம் மிருதுவாக்கி உப்ப வைக்கும். அதனால் சுற்றும் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல்களில், கசிவு சிறியதாக இருந்தால், சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பலன் தெரியலாம். கிழிந்த பேக்கிங், கார்க் பேக்கிங், சிலிக்கான் போட்டு ஒட்டிய சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), விரிசல் விட்ட பிளாஸ்டிக் கவர், தேய்ந்த ட்ரெயின் வாஷர் இவற்றில் எதையும் அது தொடவே தொடாது. பெரும்பாலான கசிவுகள் இந்தப் பட்டியலில்தான் வரும். உப்ப வைக்கும் மருந்துக்கு நல்ல சீல், கெட்ட சீல் என்ற வித்தியாசமும் தெரியாது.

பின் ஆயில் சீல் லேசாகக் கசியும் பழைய வண்டி, இன்னும் ஓரிரு வருடம்தான் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்ப்பதில் தவறில்லை. வேறு எதற்கும் நான் வாங்க மாட்டேன். "கெட்டி ஆயில் ஊத்துங்க, நின்னுடும்" என்ற யோசனையும் இதே ரகம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில் கேட்கும் என்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் கசிவு குறையலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் என்ஜின்கள் அதற்குத் திணறும்.

வீட்டில் கை வைக்கத் தகுந்தவை

முதல் இடம் டேப்பட் கவர் பேக்கிங்குக்கு. வயதான பெட்ரோல் கார்களில் அதிகம் கசிவது இதுதான், கை எட்டும் இடத்தில் இருப்பதும் இதுதான். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கி, என்ஜின் விக்கி விக்கி ஓடினாலும் இதே கவரில் உள்ள பிளக் குழாய் சீல்கள்தான் காரணம், செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இக்னிஷன் காயில்களையும் பிசிவி ஹோஸையும் எடுங்கள். எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், அலுமினியம் கீறிப்போகும். ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டினால் விடும். கழற்றிய பழைய பேக்கிங்கைத் தொட்டுப் பாருங்கள்: ரப்பராக வளையாமல், பிளாஸ்டிக் போல உடைந்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

இரண்டு பரப்புகளையும் துடைப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி. பழைய சிலிக்கான் துணுக்கு ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது. புதுப் பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் பதியுங்கள். டைமிங் கவரும் ஹெட்டும் (என்ஜினின் மேல்பகுதி) சேரும் இரண்டு மூலைகளில் மட்டும், பசை போல வந்து ரப்பராக இறுகும் ஆர்டிவி சிலிக்கான் ஒரு பொட்டு. நம்மூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "அனபாண்ட்" என்று கேட்டாலே டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். பேக்கிங் முழுக்கப் பூசுவது பெரிய தப்பு: உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் பிய்ந்து ஆயிலில் கலந்து, சம்ப்பில் ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். வீட்டு வேலையில் என்ஜின் சாவதற்கு முக்கியக் காரணமாக நான் நினைப்பது இதைத்தான்.

அடுத்தது முறுக்கு. இந்த போல்ட்டுகளுக்குப் பெரும்பாலான சிறு பெட்ரோல் என்ஜின்களில் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. நம் கைக்கு அது "இன்னும் இறுகலையே" என்றுதான் தோன்றும். கசிகிறதே என்று இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் பேக்கிங் நசுங்கும், அல்லது ஹெட்டில் மரை போகும். மரை போனால், புது மரைக்காக உள்ளே செருகும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போட ஆள் தேட வேண்டும். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சிறிய அளவில் இல்லாதவர்கள் இரவல் வாங்கியாவது செய்யுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக. சிலிக்கான் இறுக ஒரு நாள் விடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும் என்பதால் மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, ஆயில் பிரஷர் சுவிட்ச். சரியான பாக்ஸ் ஸ்பேனர் இருந்தால் சில நிமிட வேலை. பல வண்டிகளில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இது கசிந்தாலும் பழி ஃபில்டர் மேல் விழும்.

மூன்றாவது, ஃபில்டரும் ட்ரெயின் போல்ட்டும். இவைதான் நான் முதலில் சொன்ன விலக்கு: அடியில் இருந்தாலும், சாய்தளமோ நல்ல ஸ்டாண்டோ இருந்தால் செய்யலாம். ஃபில்டர் கசிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு அதன் மேல் புது வளையம் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும். ட்ரெயின் போல்ட்டில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போட வேண்டும். பழைய வாஷரை வைத்தே முறுக்கி முறுக்கி அலுமினியச் சம்ப்பின் மரையைப் போக்குவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

ஜாக்கியில் மட்டும் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துவது அதைவிட மோசம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள், கூலி சொற்பம்தான். வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் அதை அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

வெளி மெக்கானிக்கா, கம்பெனியா?

சம்ப், டைமிங் கவர், முன் கிராங்க் சீல், பின் சீல், டர்போ ஆயில் பைப் இவை வீட்டு வேலை அல்ல. இங்கே தேர்வு இரண்டு பட்டறைகளுக்கு இடையில்.

கம்பெனி சர்வீஸில் சரியான பாகம் கிடைக்கும், பில் கிடைக்கும், செய்த வேலைக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் கூலி அதிகம். சின்ன சீலுக்குப் பதிலாக முழுப் பாகத்தையும் மாற்றச் சொல்லும் எஸ்டிமேட் வருவதுண்டு. உங்கள் வண்டியை வேலை செய்பவரிடம் நேராகப் பேசவும் பல இடங்களில் முடியாது. வெளி மெக்கானிக் உங்களை நிறுத்தி வைத்தே காட்டுவார், சீலை மட்டும் மாற்றுவார், கூலி குறைவு. அங்கே இரண்டு சங்கடங்கள்: பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கானை அப்பி அனுப்புவது, டூப்ளிகேட் சீல் போடுவது. மலிவான சீலின் ரப்பர் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும், வேலையோ கியர்பாக்ஸ் இறக்கும் வேலை. அங்கே சீலில் மிச்சம் பிடிப்பது வீண்.

பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு நான் வெளி மெக்கானிக்கைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் ஜென்யூன் பார்ட்ஸ் கடையில் சரியானதை எடுத்துத் தருவார்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடலாம், ஆனால் சீலையும் பேக்கிங்கையும் அங்கே வாங்காதீர்கள். டைமிங் பெல்ட் வண்டியில் முன் சீல் கசிந்தால், பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்து மாட்டச் சம்மதிக்காதீர்கள். மிகப் புதிய, பிஎஸ்-6 (புகை மாசு விதி) டர்போ என்ஜின் என்றால் மட்டும் கம்பெனிக்குப் போகலாம்; அவற்றைத் திறந்து பழகிய வெளி மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

"கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று யார் சொன்னாலும், பவுடர் போட்டு எடுத்த படத்தைக் காட்டி, டேப்பட் கவரின் பின்மூலையும் பிரஷர் சுவிட்ச்சும் காய்ந்திருப்பதை உறுதி செய்த பிறகே சம்மதியுங்கள். இறக்கியே ஆக வேண்டும் என்றால், அன்றைக்கே க்ளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ ஆயில் பட்டிருந்தாலோ அப்போதே மாற்றிவிடலாம். அதற்கான கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சீல் உட்காரும் கிராங்க் பரப்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் அதே இடத்தில் கசியும். இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடித்து, தேயாத பரப்பில் உட்கார வைப்பார்கள். வண்டி வெளியே வந்ததும் அடிப்பகுதியைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி அட்டையைப் போட்டுப் பாருங்கள்.